மயிலாப்பூரில் 6 கோடி ஃப்ளாட்: மண்ணுக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு?

மயிலாப்பூரில் சொகுசு ஃப்ளாட் விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம் வந்தால் அதில் முதலில் வீடு வராது, கோபுரம்தான் வரும். கபாலீசுவரர் கோயிலுக்கு ஐந்து நிமிட நடை, லஸ் கார்னர் கூப்பிடு தூரம், நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கத்திலேயே. அப்புறம்தான் மூன்று படுக்கையறை, இத்தாலியன் மார்பிள், ஒரு தளத்துக்கு ஒரே வீடு, இரண்டு கார் நிறுத்த இடம் எல்லாம். விலை பெரும்பாலும் இருக்காது, 'நேரில்' என்று போட்டிருப்பார்கள். நேரில் போனால் ஐந்து கோடி, ஆறு கோடி, சில இடங்களில் எட்டு கோடி என்று முகம் மாறாமல் சொல்வார்கள். இதே அளவு வீடு பழைய மகாபலிபுரம் சாலையில், அதாவது ஓஎம்ஆரில், நீச்சல் குளம், ஜிம், குழந்தைகள் பூங்காவோடு மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்துவிடும், இங்கே நீச்சல் குளம் கூட இல்லை. அப்படியானால் அந்த மிச்சப் பணம் எதற்குப் போகிறது என்பதுதான் கேள்வி. வாங்க முடிகிறவர்கள் கூட இதைச் சரியாகக் கேட்டுக்கொள்வதில்லை என்பது என் அனுபவம்.

முதலில் ஊர். சம்பந்தர் 'மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை' என்று பாடிய காலத்தில் கோயில் கடலோரத்தில் இருந்தது. போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறிய பிறகு அது அழிந்து, இப்போது இருக்கும் இடத்தில் மறுபடி எழுந்தது. லஸ் சர்ச்சில் உள்ள கல்வெட்டு 1516 என்கிறது, ஆக மெட்ராஸ் என்று ஒரு நகரம் உருவாவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே இது குடியிருப்பு. ஆனால் இன்றைய மனை விலைக்குக் காரணம் இந்தப் பழமையைவிட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தோட்ட வீடு கட்டிக் குடியேறிய வக்கீல்கள், திவான்கள், நீதிபதிகள்தான். வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூர்க்காரர். 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்காரர் வங்கி திவாலானபோது அந்த வழக்கில் பெயர் வாங்கி, மறு வருஷமே இந்தியன் வங்கி தொடங்கக் காரணமாக இருந்தவர், சமஸ்கிருதக் கல்லூரி வந்ததும் அவரால்தான். புச்சிபாபு நாயுடு குடும்பத்தின் லஸ் ஹவுஸில்தான் மெட்ராஸ் கிரிக்கெட்டின் ஆரம்ப காலக் கதைகள் பல நடந்தன. அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் பெயரில் பூங்காவே இருக்கிறது. இப்படிப்பட்ட ஆட்கள் கிரவுண்டு கணக்கில் இடம் வாங்கி, மாமரமும் கிணறும் கார் ஷெட்டுமாக வீடு கட்டியதால் லஸ் சர்ச் சாலையும் அதை ஒட்டிய தெருக்களும் பெரிய பெரிய மனைகளாக அமைந்தன.

கோயிலைச் சுற்றிய மாடவீதிகள் வேறு மாதிரி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கிணற்றடி என்று ரயில்பெட்டி போல உள்ளே போய்க்கொண்டே இருக்கும் வீடுகள், முகப்பு மட்டும் குறுகல். அந்த மனையில் லிஃப்ட், படிக்கட்டு, கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட் பார்க்கிங், கார் திரும்ப இடம் எல்லாவற்றையும் அடைக்கவே முடியாது. அதனால் சொகுசு ஃப்ளாட் வருவது அங்கே இல்லை, பழைய தோட்ட வீடு இருந்த தெருக்களில்தான். இன்னும் உண்மையைச் சொன்னால், 'மயிலாப்பூர்' என்று விற்கப்படுவதில் பாதி அபிராமபுரம், ஆழ்வார்ப்பேட்டை, மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம். தெற்கு மாடவீதியில் கத்தரிக்காய் வாங்கப் போக ஆட்டோ தேவைப்படும் வீட்டையும் மயிலாப்பூர் என்று சொல்லி விற்கிறார்கள். பெயருக்கு அவ்வளவு மதிப்பு!

சரி, ஒரு தோட்ட வீடு எப்படி நாலு ஃப்ளாட் ஆகிறது? சென்னையில் மனையைக் கிரவுண்டில்தான் பேசுவார்கள், ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டில் ஒரு பழைய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி காலமாகிவிட்டார், பிள்ளைகள் நாலு பேர், ஒருவர் நியூஜெர்சியில், ஒருவர் பெங்களூரில். வீட்டை யாரும் வைத்துக்கொள்ள முடியாது, நாலாகப் பிரிக்கவும் முடியாது. பில்டர் வருகிறார். முழுசாக விலை கொடுத்து வாங்க மாட்டார், ஜேவி போடுவார்: நிலம் உங்களுடையது, கட்டுகிற செலவு என்னுடையது, கட்டி முடித்ததும் இத்தனை உங்களுக்கு, இத்தனை எனக்கு. மயிலாப்பூர் மாதிரி இடத்தில் நிலத்துக்காரர் கை ஓங்கியிருக்கும், பாதி அல்லது பாதிக்கு மேல் அவர்களுக்குப் போய்விடும். பில்டருக்கு வந்த பங்குதான் விளம்பரத்தில் வருகிறது.

இதில் அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு, சட்டத்தின் வழியாக. எஃப்எஸ்ஐ என்பது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு. சென்னையில் சாதாரணக் கட்டடத்துக்கு நெடுங்காலம் 1.5 ஆக இருந்தது, 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் 2 ஆனது. அதற்கு மேலும் தெரு அகலத்தைப் பொறுத்துக் காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம். கேட்க ஏதோ அலுவலகக் கணக்கு மாதிரி இருக்கும், ஆனால் இதன் விளைவைத் தெருவில் நின்று பார்க்கலாம். 4,800 சதுர அடி மனையில் 7,200 கட்டலாம் என்றபோது இடிக்கத் தயங்கிய குடும்பங்களுக்கு 9,600 என்றதும் கணக்கு ஒத்துவந்தது.

இப்போது விலையை உடைத்துப் பார்க்கலாம். பின்வரும் எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, தெருவுக்குத் தெரு மாறும், ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. மேலே சொன்ன இரண்டு கிரவுண்டில் ஸ்டில்ட்டுக்கு மேல் நாலு மாடி, மாடிக்கு ஒரு வீடு, வீடு 2,400 சதுர அடி. சதுர அடி 25,000 ரூபாய் என்றால் வீடு 6 கோடி. நாலு வீட்டுக்கு 4,800 சதுர அடி நிலத்தைப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்டு. இதற்குத்தான் யூடிஎஸ் என்று பெயர், பிரிக்கப்படாத நிலப் பங்கு. நிலம் அந்தத் தெருவில் சதுர அடி 30,000 என்று வைத்தால் உங்கள் யூடிஎஸ் 3 கோடியே 60 லட்சம். கட்டுமானச் செலவை நல்ல மார்பிள், நல்ல லிஃப்ட் எல்லாம் போட்டுச் சதுர அடிக்கு 6,000 என்று தாராளமாக வைத்தாலும் 1 கோடியே 44 லட்சம்தான். மீதி 96 லட்சம் அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், பில்டரின் லாபம். ஆக 6 கோடியில் அறுபது விழுக்காடு மண். விளம்பரத்தில் அரைப்பக்கத்துக்கு வருகிற மார்பிள், மாடுலர் கிச்சன், வீடியோ டோர்போன் இத்தனையும் அந்த 1.44-க்குள் ஒரு மூலை.

இதே கணக்கை ஓஎம்ஆர் உயர்மாடிக் கட்டடத்துக்குப் போட்டால் அங்கே எஃப்எஸ்ஐ 3.25 வரை போகும், பிரீமியம் வேறு, நிலத்தை நூற்றுக்கணக்கான வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். 2,400 சதுர அடி வீட்டுக்கு யூடிஎஸ் 700 வந்தாலே பெரிசு. கட்டடம் வருஷா வருஷம் தேயும், மண்தான் ஏறும் என்று நம்புகிறவர்கள் மயிலாப்பூரில் பணத்தைப் போடுவதற்குக் காரணம் இதுதான், கோபுர தரிசனம் இரண்டாம் பட்சம். இதில் தப்பில்லை. ஆனால் அப்படித்தான் வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், ஏனென்றால் அப்போது நீங்கள் பேரம் பேச வேண்டியது டைல்ஸைப் பற்றி இல்லை.

இரண்டு வருஷம் முன்பு என் சித்தப்பாவோடு இப்படி ஒரு வீடு பார்க்கப் போனேன். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கே போனாலும் மஞ்சப்பையில் ஒரு டேப் இருக்கும். புரோக்கர் பையன் பால்கனிக்கு அழைத்துப் போய் "சார், இங்கிருந்து கோபுரம் தெரியும்" என்றான். தெரிந்தது, எதிர் வீட்டு சின்டெக்ஸ் டேங்குக்கும் ஒரு கேபிள் கம்பிக்கும் நடுவில் கலசம் மட்டும். சித்தப்பா அதைப் பார்க்கவே இல்லை, டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரிலிருந்து சுவருக்கு அளக்க ஆரம்பித்துவிட்டார். முக்கால் மணி நேரம். கடைசியில் பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்து, "தம்பி, 2,400 சொன்னீங்க, நான் நடக்கிற இடம் 1,750-தான் இருக்கு" என்றார். "அது சூப்பர் பில்ட்-அப் சார், எல்லாரும் அப்படித்தான்" என்றான் பையன். எல்லாரும் அப்படித்தான் என்பது உண்மைதான். படிக்கட்டு, லிஃப்ட், லாபி, சுவர் கனம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வது அந்த அளவு. கார்பெட் ஏரியாவுக்கு வகுத்தால் 25,000 என்பது 34,000-ஐத் தாண்டிவிடும். அப்புறம் பெரிய படுக்கையறை ஜன்னலைத் திறந்தார், பக்கத்துக் கட்டடத்தின் ஏசி யூனிட் எங்கள் முகத்தில் சூடாக ஊதியது. "இதுக்கு ஆறு கோடியா?" என்று என்னைப் பார்த்தார். நான் யூடிஎஸ் கணக்கைச் சொன்னேன். "அப்ப மண்ணையே வாங்கிடலாமே" என்றார். வாங்கலாம், ஆனால் அரை கிரவுண்டு மண்ணை அந்தத் தெருவில் தனியாக யாரும் விற்க மாட்டார்கள். ஃப்ளாட் என்பது அதை வாங்குவதற்கான ஒரே வழி.

பத்திரப்பதிவும் முன்பு இதையேதான் சொன்னது. சமீபம் வரைக்கும் தமிழ்நாட்டில் புது ஃப்ளாட் வாங்கினால் கிரயப் பத்திரம் யூடிஎஸ்ஸுக்கு மட்டும்தான், கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவார்கள், அதற்குக் கட்டணம் மிகக் குறைவு. அதாவது சட்டப்படி நீங்கள் ஒரு துண்டு மண்ணை வாங்கி, அதன் மேல் வீடு கட்டித் தரச் சொல்லி ஒருவருக்கு ஒப்பந்தம் கொடுத்திருக்கிறீர்கள். 2023 டிசம்பரிலிருந்து நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதிவு என்று மாற்றினார்கள். 3 கோடிக்கு மேல் போனால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 விழுக்காடு. 6 கோடிக்கு 54 லட்சம். கட்டி முடிப்பதற்கு முன் வாங்கினால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, இன்னொரு 30 லட்சம். பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. அரசாங்கம் குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு மீதியைக் கையில் கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் நீங்கள் விற்கும்போது அந்த ரொக்கம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, மொத்தமும் உங்கள் லாபமாகத்தான் வரிக்காரர் கண்ணுக்குத் தெரியும்.

மண்ணைத்தான் வாங்குகிறோம் என்றால் அந்த மண் யாருடையது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும், பழைய ஊரில் இது லேசான வேலை இல்லை. மயிலாப்பூரில் கோயிலுக்குச் சொந்தமான மனைகள் நிறைய. சில வீடுகளில் மூன்று தலைமுறையாக இருப்பார்கள், கட்டடம் அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது, வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதிரி மனையை அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் விற்க முடியாது, பத்திரமும் பதிவாகாது. வில்லங்கச் சான்றிதழ் போட்டால் தெரிந்துவிடாதா என்றால், அதில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும், பதிவாகாத உரிமை எதுவும் வராது. தாய்ப்பத்திரம் வரை பின்னால் போய் டவுன் சர்வே எண்ணோடு, பட்டாவோடு, நில அளவைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வக்கீல் வேண்டும். மயிலாப்பூரில் வக்கீலுக்கா பஞ்சம்!

அப்புறம் வாரிசுகள். 1989-இல் இந்து வாரிசுச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் அப்போது கல்யாணம் ஆகாதிருந்த பெண்களுக்கும் பங்கு கொடுத்தது, 2005-இல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. எண்பதுகளில், தொண்ணூறுகளில் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பாகம் பிரித்த வீடுகள் இந்தத் தெருக்களில் இருக்கின்றன. அத்தைமார் அன்றைக்குச் சும்மா இருந்திருப்பார்கள், கிரவுண்டு ஏழு கோடி ஆன பிறகு அத்தையின் பேரன் சும்மா இருப்பானா? உயில் என்று காட்டினாலும் கவனம் வேண்டும். சென்னை நகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கு எழுதிய உயிலை உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற உறுதி, வாங்கித்தான் நிலைநாட்ட வேண்டும் என்று நெடுங்காலம் இருந்தது, அதைச் செய்யாமல் விட்ட பழைய உயில்கள் இன்னும் பல பீரோக்களில் கிடக்கின்றன.

வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்க ரெரா என்று ரியல் எஸ்டேட் சட்டம் இருக்கிறதே என்று சொல்வீர்கள். அந்தச் சட்டத்தில், 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம் அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் பதிவு தேவையில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர், நாம் பேசுவது நாலு வீடு. அதாவது ஐம்பது லட்சத்துக்கு ஊருக்கு வெளியே பெரிய வளாகத்தில் வாங்குகிறவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, வாங்கிய பணத்தில் 70 விழுக்காடு தனிக்கணக்கில் இருக்க வேண்டும், வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று இணையத்தில் போட வேண்டும் என்பதெல்லாம், ஆறு கோடிக்கு மயிலாப்பூரில் வாங்குகிறவருக்கு இல்லாமல் போகலாம். எனக்கு இதுதான் இந்த விஷயத்திலேயே பெரிய வேடிக்கையாகப் படுகிறது. இந்த மாதிரித் திட்டத்தில் கட்டி முடித்து, பணி நிறைவுச் சான்றிதழ் வாங்கிய வீட்டைத் தவிர வேறு எதற்கும் நான் முன்பணம் கொடுக்க மாட்டேன், பத்து லட்சம் குறைவு என்றாலும்.

நாலே வீடு என்பதில் இன்னொரு சிக்கல் குடிபோன பிறகுதான் தெரியும். நாலில் இரண்டு நிலத்துக்காரர் குடும்பத்துடையது, மேல் மாடி கண்டிப்பாக அவர்களுடையது. அவர்களுக்கு அது இன்னும் 'எங்க வீடு', கேட்டில் தாத்தா பெயரைக் கருங்கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள், நீங்கள் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர், அவ்வளவுதான். லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர், வாட்ச்மேன், லாரித் தண்ணீர் எல்லாம் நாலாக வகுபடும், அதில் ஒருவர் அமெரிக்காவில் இருந்து பதில் போடாவிட்டால் மூன்றாக. மொட்டை மாடி உரிமையைத் தனியாக யாருக்கோ எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மொட்டை மாடி பொது இடம், ஆனால் பத்திரத்தில் ஒரு வரியைச் செருகிவிட்டு வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிற கதைகள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஸ்டில்ட் பார்க்கிங்கும் அப்படியே, அதைத் தனிச் சொத்தாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இங்கே இன்னும் 'கார் பார்க் 15 லட்சம் தனி' என்று கேட்கிறார்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என்கிற பேச்சையும் சொல்லாமல் விட முடியாது. வாடகைக்குத்தான் இது என்று நினைத்தேன், ஆறு கோடி விற்பனையிலும் "நம்ம மாதிரி ஃபேமிலியா பார்க்கறா" என்று தயங்காமல் சொன்னார்கள். பழமையான குடியிருப்பு என்பதற்கு விளம்பரத்தில் எழுதாத ஓர் அர்த்தம் இது. வாங்குகிறவர்களில் சிலர் அதற்காகவே கூடுதலாகக் கொடுக்கிறார்கள், அதையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. பறக்கும் ரயில் 1997-இலேயே திருமயிலைக்கு வந்துவிட்டது. இப்போது மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம் - சிப்காட், கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி இரண்டு தடங்களும் திருமயிலையில் சந்திக்கின்றன, சென்னையிலேயே ஆழமான நிலையங்களில் ஒன்று அங்கே வருகிறது. ரயில் ஓட ஆரம்பித்தால் விலை ஏறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது என்பது என் எண்ணம், தடுப்புகளைச் சுற்றி லஸ்ஸில் வண்டியை எடுத்துப் போகிற பாடு மட்டும் இலவசம். பங்குனி அறுபத்துமூவர் அன்றைக்குக் கோயில் பக்கம் உங்கள் இரண்டு காரும் வெளியே வராது, அன்று எடுக்கவும் வேண்டாம், நடந்து போனால் வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுப்பார்கள்.

சொகுசு வேண்டாம், மண் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருக்கிறது. எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி ஃப்ளாட்டுகள், லிஃப்ட் இல்லை, சுவரில் காரை பெயர்ந்திருக்கும், ஆனால் 1,000 சதுர அடி வீட்டுக்கு 600, 700 சதுர அடி யூடிஎஸ் இருக்கும், அன்றைக்கு எஃப்எஸ்ஐ குறைவு என்பதால். முன்பெல்லாம் ஒருவர் மறுத்தாலும் இடித்துக் கட்ட முடியாது. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அதற்காகவே இந்தப் பழைய வீடுகளைத் தேடுகிறவர்கள் இப்போது அதிகம். சித்தப்பா கடைசியில் இப்படி ஒன்றைத்தான் மந்தைவெளியில் வாங்கினார், இரண்டாவது மாடி, படியேறும்போது முழங்காலைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார்.

எதை வாங்கினாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். எல்லா வீட்டுக்காரர்களின் பத்திரங்களிலிருந்தும் யூடிஎஸ்ஸை எடுத்து ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டுங்கள், பதிவான பத்திரங்களின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். இரண்டு கிரவுண்டு என்றால் 4,800 வர வேண்டும். 4,650 வந்தால், அந்த 150 சதுர அடி யார் பெயரில் நிற்கிறது, நாளைக்கு எஃப்எஸ்ஐ மறுபடி கூடினால் மேலே இன்னொரு மாடி கட்ட அவர் வருவாரா என்று பில்டரைக் கேளுங்கள்.